சந்தையில் கிடைத்த சங்கீன்

வட இந்திய நகரங்களின் பழம்பொருட் சந்தைகளில் இரும்பாலான எந்தப் பொருளுக்கும் பிறந்த ஆண்டு ஒன்றே, அது 1857. துருப்பிடித்த பூட்டா? செங்கோட்டையின் வாயிலைப் பூட்டியது. வளைந்த வாளா? ஜான்சி இராணியின் குதிரை வீரன் ஏந்தியது. மூடியில்லாத மைக்கூடா? அதுகூட ஏதோ ஒரு நவாபின் கடைசிக் கடிதத்துக்கு மை தந்ததாகவே இருக்கும். விற்பவர்களைக் குறைகூறிப் பயனில்லை. வாங்க வருவோர் அந்த ஆண்டைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். கேட்ட சரக்கைக் கடைக்காரர் கொடுக்கிறார். வாணிகத்தில் இது இயல்பு. ஆனால் சந்தையில் சொல்லப்பட்ட கதை அங்கேயே நின்றுவிடாமல், வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்து சேரும்போதுதான் அதைச் சற்றே நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் அத்தகைய விசாரணை ஒன்று என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. எங்கள் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், பழைய தில்லியின் நடைபாதைகளில் ஞாயிறுதோறும் விரிக்கப்படும் கடைகளுள் ஒன்றில் நீண்ட கத்தி ஒன்றை வாங்கிவந்தார். அவருடைய பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியில் விடுதலைப் போராட்டக் கண்காட்சி ஒன்று நடக்கவிருந்தது. கத்தியை அதற்குக் கொடுப்பது அவர் எண்ணம். கூடவே வைப்பதற்குத் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஓர் அட்டை எழுதித் தர வேண்டும். அதற்காகவே மொழிபெயர்ப்பாளனான என்னிடம் வந்தார்.

“அதிகம் வேண்டாம், ஸார். ‘சிப்பாய் ஏந்திய ஆயுதம், 1857’ என்று போட்டால் போதும்” என்றார்.

கத்தியின் அடிப்பகுதியில் 1907 என்ற எண் தெளிவாகவே தெரிந்தது. அதைச் சுட்டிக் காட்டினேன். அதற்கும் கடைக்காரர் விடை கொடுத்தனுப்பியிருந்தார். எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் யாரோ தேசபக்தர் நினைவாகப் பொறித்துவைத்ததாம்! கற்பனைக்குப் பரிசு கொடுப்பதாயின் அந்தக் கடைக்காரருக்கே கொடுக்க வேண்டும்.

அட்டை எழுத உட்கார்ந்தவுடன் எதிர்ப்பட்ட முதல் தடை பெயர்தான். இந்தியில் ‘சங்கீன்’ என்ற ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது. துப்பாக்கியின் முனையில் பொருத்தும் குத்துவாளுக்கு அது பெயர். அதே சொல் ‘கடுமையான’ என்னும் பொருளிலும் வழங்கும். கொடிய குற்றத்தைச் ‘சங்கீன் அபராத்’ என்று வழக்குமன்றக் காகிதங்களில் நாள்தோறும் காண்கிறோம். ஆங்கிலத்தில் உள்ள ‘பயனெட்’ என்ற பெயரோ பிரான்சின் தென்மேற்கிலுள்ள பயோன் என்ற ஊரிலிருந்து வந்தது என்பர். தமிழில் நாம் துப்பாக்கி முனைக் கத்தி என்று மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்கிறோம். நீளம் சற்று மிகுதிதான். ஆனால் பொருள் என்ன, அது எங்கே இருக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இங்கே சந்தைக்கும் நமக்கும் பொதுவாகச் சங்கீன் என்றே வைத்துக்கொள்வோம்.

இனி ஆண்டைப் பார்ப்போம். 1857ஆம் ஆண்டு என்பதைத் தள்ளிவிட எழுத்துகள் எவையும் தேவையில்லை. கத்தியின் உருவமே போதும். அக்காலத்துக் காலாட்படைச் சிப்பாயின் சங்கீனுக்குக் கைப்பிடி என்பதே கிடையாது. இரும்புக் குழாய் ஒன்று துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தில் வளையல்போல் ஏறி உட்காரும். அதன் பக்கத்திலிருந்து ஒரு கழுத்து வளைந்து வெளியேறி, மூன்று பட்டையுள்ள நீண்ட ஊசியாக முடியும். குண்டை மருந்தோடு குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டிக்க வேண்டியிருந்ததால், சிப்பாயின் கை போய்வர இடம்விட்டு ஊசி ஒதுங்கி நிற்கும். கொழுப்புத் தடவிய தோட்டாக்களால் பெயர்பெற்ற 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கும் இத்தகைய முக்கோணச் சங்கீனே உரியது. தனி வகைத் துப்பாக்கி வைத்திருந்த சில படைப்பிரிவுகளுக்கு வாள் போன்ற சங்கீன் இருந்தது உண்மையே. ஆனால் அவையும் உருவத்தில் வேறு.

நண்பர் கொண்டுவந்ததோ ஏறத்தாழ 22 அங்குல நீளமுள்ள கத்தி. அலகு மட்டும் 17 அங்குலம், ஒருபக்கக் கூர். இரு பக்கமும் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடுகிறது. இரத்தம் வடிவதற்காக வைத்த வாய்க்கால் என்று எல்லாச் சந்தைகளிலும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். கேட்பவர் முகம் சுளிப்பதில் ஒரு மகிழ்ச்சி போலும். எடையைக் குறைத்து, அதே சமயம் அலகு வளையாமல் விறைப்பாக நிற்கச் செய்வதற்கே அந்தப் பள்ளம். கொல்லர் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். கைப்பிடியின் இருமருங்கும் மரத்துண்டுகள் வைத்து இரண்டு திருகாணிகளால் இறுக்கியிருந்தது. பிடிக்கும் அலகுக்கும் இடையே குறுக்காக நிற்கும் காப்புக் கம்பியின் மேல் முனையில் ஒரு சிறு வளையம். கீழ் முனையிலோ, அலகின் நுனியை நோக்கி வளைந்த ஒரு கொக்கி. யானைத் துதிக்கையின் நுனி சுருண்டாற்போன்றது. இந்தக் கொக்கியில்தான் முழு வழக்கும் தொங்குகிறது.

வீட்டிலுள்ளோர் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கத் தயாராயிருந்தார்கள் என்று நண்பர் சொன்னபோது சற்றே நடுங்கிப்போனேன். குத்துவிளக்குக்கு அது சிறந்த மருந்து; பழைய எஃகுக்கு அது நஞ்சு. பொறிப்புகள் மயிரிழை ஆழமே உள்ளவை. உப்புத்தாளோ புளியோ பட்டால் நூறாண்டுச் சான்று ஒரே பிற்பகலில் அழிந்துபோகும். மெல்லிய துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். பிறகு சுண்ணக்கட்டித் தூளைத் தடவி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

ஒரு பக்கம், மேலே ஒரு மணிமுடி. அதன் கீழ் ஈ, ஆர் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். அடுத்து 1907. அதன் கீழே சிறிய அளவில் 3 என்ற எண், ஒரு காற்குறி, 09. கடைசியாக ஷெஃபீல்டு நகரத்துச் சாண்டர்சன் தொழிலகத்தின் பெயர். மறுபக்கம் பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறி, அலகை வளைத்துச் சோதித்ததற்கு அடையாளமான ஒரு பெருக்கற்குறி, மணிமுடியோடு கூடிய சோதனையாளர் முத்திரைகள்.

இவற்றுள் எல்லாரும் இடறி விழும் இடம் 1907தான். அது கத்தி பிறந்த ஆண்டன்று; மாதிரியின் பெயர். அந்த ஆண்டின் மாதிரி என்று அரசு பெயரிட்டுவிட்டபின், பல்லாண்டுகள் கழித்துச் செய்த கத்தியிலும் 1907 என்றே அடித்தார்கள். பிறந்த தேதி அதற்குக் கீழே அடக்கமாக நிற்கும் சிறு எண்களில் உள்ளது: மூன்றாம் மாதம், 1909. மேலே உள்ள ஈ, ஆர் என்பன எட்வர்டு மன்னரைக் குறிப்பன. ஏழாம் எட்வர்டு 1901 ஜனவரியில் பட்டத்துக்கு வந்து 1910 மே மாதத்தில் காலமானவர். எனவே மன்னர் பெயரும் தேதியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லுகின்றன. ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் கதை இங்கே முடிந்தது.

இப்படியொரு கத்தி ஏன் தேவைப்பட்டது என்பது சுவையான செய்தி. போயர் போர் 1902இல் முடிந்தது. காலாட்படைக்கு ஒரு நீண்ட துப்பாக்கி, குதிரைப்படைக்கு ஒரு குட்டைத் துப்பாக்கி என்று இரண்டு வகை வைத்திருப்பதைவிட, இரண்டுக்கும் பொதுவாக நடுத்தர நீளமுள்ள ஒன்றே நல்லது என்று பிரிட்டிஷ் படைத்துறை முடிவு செய்தது. இவ்வாறு பிறந்ததே குறுகிய லீ-என்ஃபீல்டு. பழைய நீண்ட துப்பாக்கி ஏறத்தாழ 49½ அங்குலம். புதியது 44½ அங்குலம். சுடுவதற்கு இதனால் குறைவொன்றும் இல்லை. ஆனால் உடனே ஒரு கவலை பிறந்தது. பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் நீண்ட துப்பாக்கியில் நீண்ட சங்கீனைப் பொருத்திக்கொண்டு எதிரே வந்தால், நம் வீரனின் முனை அவனைத் தொடுமுன் அவன் முனை நம்மைத் தொட்டுவிடுமே! குறைந்தது 5 அங்குலம். அப்போது வழக்கிலிருந்த 1903ஆம் ஆண்டு மாதிரிச் சங்கீனின் அலகு 12 அங்குலம். புதிய சங்கீனின் அலகு 17 அங்குலம். கழித்துப் பார்த்தால் கணக்கு எவ்வளவு நேராக வருகிறது! துப்பாக்கியில் வெட்டிய ஐந்து அங்குலத்தைக் கத்தியில் ஒட்டிவிட்டார்கள்; குறிப்பேட்டில் இழப்புக்கு நேராக வரவு எழுதி ஒரு கோடு போட்டு மூடினாற்போல.

வடிவத்துக்கு அவர்கள் கிழக்கே பார்த்தார்கள். 1904-05இல் இரஷ்யாவை வென்று உலகை வியக்கவைத்த ஜப்பானியக் காலாட்படையின் சங்கீனில்தான் நீண்ட அலகும் கொக்கியும் இருந்தன. அதனைப் பின்பற்றிச் செய்த பிரிட்டிஷ் மாதிரி 1908 ஜனவரி 30இல் முறைப்படி ஏற்கப்பட்டது. எதிரியின் அலகைக் கொக்கியில் மாட்டித் திருகிவிடலாம் என்பது எண்ணம். நடைமுறையில் எதிரியின் அலகைவிடத் தன் வாரும் துணியும் செடிகொடிகளுமே அதில் மிகுதியாக மாட்டிக்கொண்டன. ஐந்தாண்டுகளில் உற்சாகம் வடிந்தது. 1913 அக்டோபரில் கொக்கி வேண்டாம் என்று ஆணை பிறந்தது. புதிதாகச் செய்பவை கொக்கியின்றி வந்தன. முன்னரே படையில் இருந்தவை செப்பனிட வரும்போது அவற்றின் கொக்கியைப் பணிமனையிலேயே அறுத்து அராவி மழுக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே உலகப் போர். செப்பனிட வராத ஆயுதம் எங்கே மிஞ்சும்? கொக்கியுடன் தப்பியவை அருமையாகிவிட்டன. அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த வளைந்த சிறு துண்டு இரும்பினால்தான் இன்று இந்த வகைச் சங்கீனின் விலை ஏறுகிறது.

விலை ஏறும் இடத்தில் போலியும் ஏறும் அன்றோ? கொக்கி அறுபட்ட சாதாரணக் கத்திக்குப் புதிய கொக்கியைப் பற்றவைத்து விற்போர் உலகெங்கும் உண்டு. எனவே சான்றுகளை ஒன்றோடொன்று எதிர்வைத்துப் பார்க்க வேண்டும். 1915 என்று தேதியுள்ள பிரிட்டிஷ் அலகில் கொக்கி இருந்தால், வேறொன்றும் பார்க்க வேண்டுவதில்லை. கத்தியே பொய்ச்சாட்சியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எங்கள் கத்தியின் தேதி 1909. அந்தத் தடை இல்லை. அடுத்து, கொக்கி காப்புக் கம்பியோடு சேருமிடம். அதே உருக்கில் அடித்துச் செய்ததாயின் மூட்டு தெரியாது. பற்றவைத்ததாயின் நிறத்திலோ, துரு படிந்த விதத்திலோ, அராவிய கீறல்களின் திசையிலோ ஏதோ ஒன்று மாறும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு கால்மணி நேரம் பார்த்தும் மாறுதல் ஏதும் இல்லை. கம்பியின் உட்புறத்திலும் கொக்கியின் வளைவிலும் துரு ஒரே சாயலில், ஒரே புள்ளிகளாகப் படர்ந்திருந்தது.

மூன்றாவது சான்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அது இல்லாமையால் பேசும் சான்று. கைப்பிடியின் கடைசிக் குமிழில், துப்பாக்கியின் முனையோடு பொருந்துவதற்கு ஒரு நீள்வெட்டு உண்டு. போர்க்களச் சேறு அதனுள் அடைத்துக்கொண்டால் சங்கீன் சரியாக ஏறாது. இதனால் 1916இல் குமிழின் குறுக்கே ஒரு வட்டத் துளை போடும் முறை வந்தது. அழுக்கு அதன்வழியே வெளியேறும். பழையவற்றிலும் அகப்பட்டபோதெல்லாம் அந்தத் துளையைப் போட்டார்கள். இந்தக் கத்தியின் குமிழிலோ துளை இல்லை. கொக்கியும் அறுபடவில்லை, துளையும் போடப்படவில்லை. அப்படியானால் 1913க்குப் பின்னும் 1916க்குப் பின்னும் எந்தப் படைப் பணிமனையின் மேசைக்கும் இது போகவில்லை. ஒன்றைப் பொய்யாகச் செய்பவன் கொக்கியைப் பற்றவைப்பான். எஃகில் இருக்கும் துளையைத் தடம் தெரியாமல் தூர்ப்பதற்கு அவனுக்குப் பொறுமையும் இராது, சந்தையில் கிடைக்கும் விலை அதற்குப் போதவும் போதாது.

ஆக, நண்பர் அறியாமல் வாங்கியது உண்மையிலேயே அரிய பொருள். ஆனால் அது யாருடைய கையில் இருந்தது என்ற வினாவில்தான் அட்டையின் வாசகம் தலைகீழாகப் புரண்டது.

1857க்குப் பின் பிரிட்டிஷ் அரசு கற்ற பாடம் இந்தியச் சிப்பாயை நம்பாமை. 1859இல் பீல் குழு ஒரு விகிதம் சொன்னது: வங்காளத்தில் இரண்டு இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு வெள்ளையர் என்றும், சென்னையிலும் பம்பாயிலும் மூவருக்கு ஒருவர் என்றும் படை இருக்க வேண்டும். பீரங்கிகள் பெரும்பாலும் வெள்ளையர் வசமே வைக்கப்பட்டன. துப்பாக்கியிலும் அதே கணக்கு. என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும் திருகுப் புரிகள் உண்டு. அந்தப் புரிகள் இல்லாத வழுவழுப்புக் குழலோடு, இந்தியப் படைகளுக்கென்றே தனி வகைத் துப்பாக்கியைச் செய்தார்கள். அதாவது, குறி தவறுவதற்கென்றே பணம் செலவழித்துச் செய்த துப்பாக்கி! 1870களில் வெள்ளையர் படைகள் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியபோது, அவர்கள் கழித்த ஸ்னைடர் இந்தியர் கைக்கு வந்தது. ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதம் என்பது தற்செயல் அன்று, கொள்கை. மீரட்டில் எழுச்சி வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதன்பிறகு பல்லாண்டுகள் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஞாயிறு வழிபாட்டுக்குக்கூடத் துப்பாக்கியோடு சென்றார்கள். பழைய பாசறைத் தேவாலயங்களின் இருக்கைகளில் துப்பாக்கி சார்த்துவதற்கென வெட்டிய பள்ளங்களை இன்றும் காணலாம்.

இந்தப் பின்னணியில் 1909இல் ஷெஃபீல்டில் பிறந்த புத்தம்புதிய சங்கீன், 1913க்கும் முன்பே இந்தியாவுக்கு வந்திருந்தால், முதலில் யாருக்குக் கிடைத்திருக்கும்? பெரும்பாலும் இந்நாட்டைக் காவல் காக்க நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் காலாட்படைக்கே. சிப்பாய் எழுச்சியின் ஆயுதம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இருந்தது, அந்த எழுச்சி மீண்டும் வாராதபடி காத்துநின்ற பாசறையின் ஆயுதமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அட்டையில் வாய்ப்புகளை எழுதுவதற்கில்லை, மெய்யானதை மட்டும் எழுதினேன்: “பிரிட்டிஷ் படையின் 1907ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி முனைக் கத்தி. இங்கிலாந்து, ஷெஃபீல்டு, 1909 மார்ச். பிற்காலத்தில் அறுக்கப்பட்ட கொக்கி இதில் அறுபடாமல் உள்ளது.”

நண்பர் அதை இரண்டு முறை படித்தார். “அப்படியானால் நம் ஆள் யாரும் இதை ஏந்தவில்லையா, ஸார்?” என்றார். குரலில் இருந்தது ஏமாற்றமா, மனத்தாங்கலா என்று சொல்வது எளிதன்று.

நம் ஆட்களும் ஏந்தினார்கள்; இதே கத்தியையன்று, இதன் உடன்பிறப்புகளை. அவருடைய ஊர்ப் பெயரையே தாங்கிய படை ஒன்று இருந்தது: 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. 1914இல் உலகப் போர் மூண்டபோது, இன்று தான்சானியா எனப்படும் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தைப் பிடிப்பதற்கு இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் அனுப்பப்பட்டனர். அக்டோபர் 16இல் பம்பாயை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல்களில் பாளையங்கோட்டைப் படையும், 61ஆம் பயனியர் படை என்னும் மற்றொரு தென்னாட்டுப் படையும் இருந்தன. சென்ற படைகளுள் சிலவற்றுக்குப் புதிய குறுகிய லீ-என்ஃபீல்டு கிடைத்ததே கப்பலேறும் தறுவாயில்தான். நேற்றுவரை கையில் பழகியது ஒரு துப்பாக்கி, போருக்கு வேறொன்று. வெக்கை மிகுந்த கப்பலில் நெருக்கியடித்துக் கிடந்து, கடல்நோயால் துவண்டு, ஓய்வும் இன்றிக் கரையிறங்கி, புதரும் தோப்புமாக இருந்த நிலத்தில் அவர்கள் செலுத்தப்பட்டார்கள். எதிரே லெட்டோ-ஃபோர்பெக் என்ற தளபதியின் கீழ் இருந்தோர் ஆயிரவரே, ஆனால் நிலமறிந்தவர்கள். நவம்பர் 2 தொடங்கி 5 முடிய நடந்த அந்தப் போர் படுதோல்வியில் முடிந்தது. கலைந்த கூடுகளிலிருந்து தேனீக்கள் எழுந்து இருதரப்பாரையும் கொட்டியதை எல்லா நூல்களும் சுவையோடு சொல்லுகின்றன. புதிய துப்பாக்கியைப் பழகிக்கொள்ள அந்த வீரர்களுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையும் அதே அளவு மையில் எழுதியிருக்கலாம்.

பின்வாங்கியோர் கரையில் விட்டுச்சென்ற துப்பாக்கிகளும் இலட்சக்கணக்கான தோட்டாக்களும் ஜெர்மானியர் வசமாயின. அவர்களுடைய ஆப்பிரிக்க வீரர்கள் அதுவரை பெரும்பாலும் புகை கக்கும் பழைய 1871ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியையே வைத்திருந்தார்கள். கைப்பற்றிய ஆயுதங்களைக் கொண்டு மூன்று கம்பெனிகளுக்குப் புதிய துப்பாக்கி கொடுக்க முடிந்தது. பாளையங்கோட்டைப் படை போருக்குப்பின் கலைக்கப்பட்டது. நண்பர் இந்தப் பெயரைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அட்டையின் பின்புறத்தில் எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக் கொடுத்தேன்.

தாங்காவிலும், ஃபிரான்சிலும், மெசபொட்டேமியாவிலும் இந்தச் சங்கீன் பட்ட பாடு பெரிது. செய்த வேலை சிறிது. உலகப் போரில் காயமுற்றோருள் சங்கீன் பட்டவர்கள் மிகமிகச் சிறு பங்கினரே. எந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் எட்டும் தொலைவில், ஐந்து அங்குலக் கவலை பொருளற்றுப் போயிற்று. வீரர்கள் அதைக்கொண்டு விறகு பிளந்தார்கள், டப்பாவைத் திறந்தார்கள், பதுங்குகுழிச் சுவரில் செருகிப் பையை மாட்டினார்கள்.

சந்தையில் அதே விரிப்பில் இன்னொரு சங்கீனும் கிடந்ததாகவும், அது குட்டையாகவும் கொக்கியில்லாமலும் இருந்ததால் தாம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றும் நண்பர் சொல்லியிருந்தார். ஆவல் தாங்காமல் அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். “அது தாய், இது குட்டி” என்றார் கடைக்காரர். அறியாமல் சொன்னாலும் ஏறக்குறைய உண்மை. அலகு 12 அங்குலமே இருந்தது. ஆனால் நீளவாட்டுப் பள்ளம் நுனிக்குச் சற்று முன்பாக நின்றுவிடாமல், நுனிவரை ஓடி வெட்டுண்டு முடிந்தது. முதலில் 17 அங்குலமாகப் பிறந்து, பிறகு வெட்டிக் குறைக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுவதில்லை. அடியில் மணிமுடி; ஜி, ஆர், ஐ என்ற எழுத்துகள், அதாவது ஜார்ஜ், மன்னர், பேரரசர்; பக்கத்தில் ஆர், எஃப், ஐ. ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை.

என்னைக் கேட்டால், இந்தியாவின் கதையைக் கொக்கியுள்ள அரிய கத்தியைவிட இந்தக் குட்டைக் கத்தியே முழுமையாகச் சொல்லுகிறது என்பேன். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள ஈஷாப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே வெடிமருந்து ஆலை இருந்தது. 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. மங்கள் பாண்டே 1857 மார்ச் 29இல் தனியாளாக எதிர்த்து நின்ற பாரக்பூர் அதற்கு அண்மையில்தான் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் புதிய துப்பாக்கிக்கும், 8 அங்குல ஊசிபோன்ற சங்கீனுக்கும் மாறிவிட்டது. இந்தியா பழைய துப்பாக்கியையே தொடர்ந்து செய்தது. பர்மியக் காட்டுப் புதர்களிலும் நெருக்கமான லாரிகளிலும் 17 அங்குல அலகு இடைஞ்சலாயிருந்ததால், இருந்தவற்றை வெட்டி 12 ஆக்கினார்கள். புதியவற்றை 12 அங்குலமாகவே செய்தார்கள். அவசரம் மிகமிகப் பள்ளம் போடுவதை விட்டார்கள். குமிழின் வளைவை விட்டுச் சதுரமாக நிறுத்தினார்கள். மரப்பிடியை வழுவழுப்பாக்கும் வேலையும் போயிற்று. ஈஷாப்பூர் மட்டும் போதாமல் இரயில்வேப் பணிமனை போன்ற பிற இடங்களிலும் சங்கீன்கள் செய்யப்பட்டன. வேலைப்பாடு குறையக் குறைய, போர் எவ்வளவு நெருங்கி வந்தது என்பதைக் கையால் தடவியே அறியலாம். ஐந்து அங்குலம் சேர்ப்பதற்கு லண்டனில் குழு கூடியது. அதே ஐந்து அங்குலத்தை இந்தியப் பணிமனைத் தொழிலாளர் வெட்டியெறிந்தார்கள்.

இத்தகைய பொருளை வாங்க எண்ணும் நேயர்களுக்கு ஒரு சொல். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் சங்கீனும் வாள், ஈட்டி முதலியவற்றோடு ஆயுதமாகவே குறிக்கப்பட்டுள்ளது. உரிமம் வேண்டுமா என்பது அறிவிக்கைகளைப் பொறுத்து இடத்துக்கிடம் மாறும். வாங்கும் முன் உள்ளூர்க் காவல்துறை உரிம அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துக்கும் உட்பட்டவை. விருப்பம்போல் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிவிட முடியாது. எங்கள் நண்பரும் பள்ளித் தலைமையாசிரியரும் முதலில் காவல் நிலையத்துக்குச் சென்று எழுத்தில் தெரிவித்த பின்னரே கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது.

ஈஷாப்பூரின் கதை விடுதலையோடு நின்றுவிடவில்லை. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, அதே லீ-என்ஃபீல்டின் உருவில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கேற்ற புதிய துப்பாக்கி அங்கே செய்யப்பட்டது. 1907ஆம் ஆண்டு மாதிரியின் வழிவந்த சங்கீன் அதன் முனையிலும் மாறுதலின்றி ஏறி உட்கார்ந்தது. 2021 அக்டோபரில் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஈஷாப்பூர் ஒரு புதிய அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. பழைய .303 துப்பாக்கியோ படையை விட்டுக் காவல்துறைக்கு வந்து, அங்கே பல மாநிலங்களில் நெடுங்காலம் இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதைக் கடைசியாகத் தோளில் சார்த்தி அணிவகுத்தது 2020 ஜனவரி 26, குடியரசு நாளன்று.